துத்தம், துருசு, அன்னபேதி, படிகாரம்: ரசவாதிகளின் சல்ஃபேட் உப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய முறையில் மை காய்ச்ச நினைப்பவர்கள், தோட்டத்துக்கு மருந்து கலப்பவர்கள், ரசவாதக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பெயர் புரியாமல் தவிப்பவர்கள் என்று மூன்று தரப்பும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னதை நம்பியிருப்பதால் முதல் முறை வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ரசவாதிகள் "விட்ரியால், விட்ரியால்"னு எழுதுறாங்களே, அது எந்தப் பொருள்?

ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பம். கந்தக அமிலமும் ஏதாவது ஓர் உலோகமும் சேர்ந்து, கூடவே தண்ணீரையும் உள்ளே பிடித்துக்கொண்டு, கண்ணாடிபோல் படிகமாக உறைந்த உப்புகளுக்குப் பொதுப்பெயர் அது. இன்று சல்ஃபேட் என்கிறோம். நீல விட்ரியால் செம்பின் சல்ஃபேட். நம் ஊரில் மயில்துத்தம், துருசு. பச்சை விட்ரியால் இரும்பின் சல்ஃபேட், அன்னபேதி. வெள்ளை விட்ரியால் துத்தநாகத்தின் சல்ஃபேட், பால்துத்தம்.

உள்ளே இருக்கும் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 100 கிராம் மயில்துத்தத்தில் 36 கிராம் தண்ணீர்தான். அன்னபேதியில் 45 கிராம். மயில்துத்தத்தை இருநூறு, இருநூற்றைம்பது டிகிரி செல்சியஸில் வறுத்தால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். இதை முதன்முதலில் பார்த்தவர்கள் பொருளுக்குள் "ஆவி" போய் வருகிறது என்று எழுதியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

2. இந்தப் பெயரெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?

விட்ரியால் என்ற சொல்லின் வேர் லத்தீனில் கண்ணாடியைக் குறிக்கும் சொல். கிரேக்கர்கள் இதையே "செம்பின் பூ" என்ற பொருளில் கல்கந்தோஸ் என்றார்கள். ரோமானியர்களின் பெயர் இன்னும் நடைமுறையானது: "செருப்புத் தைப்பவரின் கறுப்பு". பதனிட்ட தோலில் தேய்த்தால் தோல் கறுக்கும், அதனால் அந்தப் பெயர் (ஏன் கறுக்கிறது என்பது கேள்வி 9-இல்). அரபியில் ஸாஜ். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பாரசீக மருத்துவர் அல்-ராஸி தாதுப்பொருள்களை ஆறு வகையாகப் பிரித்தபோது, விட்ரியால்களுக்கென்றே ஒரு வகுப்பை ஒதுக்கினார். நம் "துத்தம்" வடமொழியின் துத்தத்திலிருந்து வந்தது.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பேசில் வாலன்டைன் என்ற பெயரில் வெளியான நூல்கள் வழியாக ஒரு சொல் விளையாட்டும் பரவியது. விட்ரியால் என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு லத்தீன் சொல்லாக விரித்தால் "பூமியின் உள்ளே சென்று பார், சீர்செய்தால் மறைந்த கல்லைக் காண்பாய்" என்ற வாக்கியம் வரும். அழகான விளையாட்டு, அவ்வளவுதான். பெயர் முதலில் வந்தது, விளக்கம் பிறகு கட்டப்பட்டது.

3. மயில்துத்தமும் துத்தநாகமும் ஒண்ணுதானே?

இல்லை. துத்தநாகம் ஓர் உலோகம்; பக்கெட்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் பூசுவது. மயில்துத்தத்தில் துத்தநாகமே கிடையாது, இருப்பது செம்பு. குழப்பத்துக்குக் காரணம் "துத்தம்" என்ற சொல் செம்பு உப்புக்கும் துத்தநாக உப்புக்கும் பொதுவாக வழங்கியது. முன்னால் "மயில்" வந்தால் நீலம், செம்பு. "பால்" வந்தால் வெள்ளை, துத்தநாகம். வெறும் "துத்தம்" என்று இருந்தால் நிறம் சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். கடையிலும் நிறத்தைச் சொல்லியே கேளுங்கள்.

4. அன்னபேதியும் பேதியுப்பும் ஒண்ணா? ரெண்டிலும் "பேதி" இருக்கே.

கேட்காமல் விட்டால் ஆபத்தாகும் கேள்வி இது. அன்னபேதி இரும்பு சல்ஃபேட். சொல்லின்படி "சோற்றைச் சிதைப்பது". பேதியுப்பு மக்னீசியம் சல்ஃபேட். வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்தது. அன்னபேதியைப் பேதியுப்பின் அளவில் விழுங்கினால் இரும்பு நஞ்சாகிவிடும், குழந்தைகளுக்கு உயிரே போகலாம்.

பேதியுப்புக்கு இங்கிலாந்தின் எப்சம் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. 1618-இல் அங்கே ஒரு குட்டைத் தண்ணீரை மாடுகள் குடிக்க மறுத்ததாகவும், தண்ணீரின் கசப்புக்கு அந்த உப்புதான் காரணம் என்று பிறகு தெரிந்ததாகவும் சொல்வார்கள். 1695-இல் ஆங்கிலேய மருத்துவர் நெஹமாயா குரூ அந்த உப்பைப் பற்றித் தனியாகவே எழுதினார். அன்னபேதி பச்சை, பேதியுப்பு நிறமற்றது. ஆனால் வெயிலில் காய்ந்து வெளுத்த அன்னபேதியும் வெள்ளையாகத்தான் இருக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கேள்வி 9-இல் வரும் கடுக்காய்ச் சோதனை ஒரே நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும்.

5. பச்சை விட்ரியாலை "காப்பரஸ்"னு ஆங்கிலேயர் சொன்னாங்களாமே, அதுல காப்பர் இருக்கா?

பெயரில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் விட்ரியால் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே வழங்கி, கடைசியில் இரும்பு உப்போடு மட்டும் ஒட்டிக்கொண்டது. சுரங்கத் தண்ணீரிலிருந்து எடுத்த பச்சை விட்ரியாலில் கொஞ்சம் செம்பும் கலந்தே வந்ததால் பழங்காலத்தவர்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காரணமும் குறைவு. சால்ஸ்பர்க் விட்ரியால் என்று விற்றது இரண்டும் சேர்ந்தே உறைந்த கலப்புப் படிகம். சைப்ரஸ் விட்ரியால், ரோமன் விட்ரியால் என்றால் பெரும்பாலும் நீலம். ஜெர்மனியில் கோஸ்லர் ஊரின் பெயரோடு வந்தால் வெள்ளை. பக்கத்து ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்தின் துத்தநாகம் அது.

6. இதையெல்லாம் எப்படித் தயாரிச்சாங்க?

பச்சைக்கு மூலம் பைரைட் என்ற, தங்கம்போல் மின்னும் இரும்புக் கந்தகக் கல். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைப் பக்கம் அலை ஒதுக்கிய கற்களைப் பொறுக்கி, களிமண் பூசிய பள்ளங்களில் குவித்து, மழைக்கும் காற்றுக்கும் சில வருடங்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். கல் மெல்லச் சிதைந்து, இரும்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் கலந்த தண்ணீர் அடியில் வடியும். அதை ஈயத் தொட்டியில், பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டுக் காய்ச்சி, ஆறவிடுவார்கள். உள்ளே தொங்கவிட்ட குச்சிகளில் பச்சைப் படிகம் கொத்துக் கொத்தாகக் கட்டும்.

ஈயத் தொட்டி ஏன்? அமிலம் பட்டதும் ஈயத்தின் மேல் கரையாத ஈய சல்ஃபேட் தோல் ஒன்று படிந்துவிடும், அதற்குமேல் அரிக்காது. இரும்புத் துண்டுக்கு மூன்று வேலை. மிச்ச அமிலத்தைத் தின்று இன்னும் உப்பாக்கும். கரைசல் பழுப்பாகாமல் காக்கும். கலந்திருக்கும் செம்பை வெளியே தள்ளும். நீல விட்ரியாலைப் பற்றி ரோமானியர் காலத்துப் பிளினி எழுதியதும் இதே சாயல்தான்: ஸ்பெயினில் அந்த நீரைத் தொட்டிகளில் விட்டு, கல் கட்டிய கயிறுகளைத் தொங்கவிட்டார்கள்; கயிற்றில் திராட்சைக் குலைபோல் படிகம் ஒட்டியது.

7. வாங்கி வச்ச அன்னபேதி பழுப்பாயிடுச்சு. கெட்டுப்போச்சா?

பாதி. காற்றும் ஈரமும் பட்டு, பச்சையான இரும்பு உப்பு துருவின் உறவான மஞ்சள் பழுப்பு உப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. மேல் தோல் மட்டும் மாறியிருந்தால் சுரண்டிவிட்டு உள்ளே இருக்கும் பச்சையை எடுத்துக்கொள்ளலாம். முழுவதும் மாறியிருந்தால் மைக்கும் சாயத்துக்கும் தூக்கி எறியுங்கள். அளவு கணக்கு தப்பிவிடும்.

வெண்மை வேறு, பழுப்பு வேறு. வறண்ட காற்றில் தண்ணீர் வெளியேறி வெளுத்தால் சரக்கு அப்படியே இருக்கிறது, எடைதான் குறைந்திருக்கிறது. சேமிக்க, வாய் இறுகிய கண்ணாடிப் புட்டி, அது நிரம்ப உப்பு. அரைப் புட்டி காற்றோடு வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் பழுத்துவிடும். கரைத்து வைப்பதானால் உள்ளே ஒரு சுத்தமான இரும்பு ஆணியைப் போட்டு வையுங்கள். கேள்வி 6-இல் இரும்புத் துண்டு செய்த அதே வேலை.

8. இரும்பைச் செம்பாக்கிக் காட்டினாங்கன்னு சொல்றாங்களே, அது ஏமாத்து வேலையா?

காட்டியது உண்மை, விளக்கம்தான் தவறு. கால் லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மயில்துத்தம் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணி ஒன்றைப் போடுங்கள். முப்பது விநாடியில் சிவக்கும். ஒரு மணி நேரத்தில் பஞ்சுபோன்ற செம்பு உதிரும், தண்ணீரின் நீலம் வெளிறி மெல்லப் பச்சை தட்டும். செம்பு கரைசலில் முன்பே இருந்தது. இரும்பு கரைசலுக்குள் போய், அந்த இடத்துக்குச் செம்பு வெளியே வந்தது. மயில்துத்தம் அன்னபேதியாக மாறிவிட்டது.

எடை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்று கேட்பார்கள். அங்கேதான் வம்பு. 100 கிராம் மயில்துத்தத்தில் 25.4 கிராம் செம்பு. அதை முழுக்க வெளியே தள்ள 22.4 கிராம் இரும்பு போதும். போட்ட இரும்பு காணாமல் போய், கிட்டத்தட்ட அதே எடைக்குச் செம்பு கையில் இருக்கும். தராசே மாற்றத்துக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. கரைசலை வற்றவைத்துப் பச்சைப் படிகம் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் இரும்பு எங்கே போனது என்று புரிந்திருக்கும்.

மற்றவர்கள் வாதத்தில் இறங்காமல் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். சீனாவில் சோங் ஆட்சியில், பதினோராம் நூற்றாண்டில், நீலத் தண்ணீரில் இரும்பைப் போட்டுச் செம்பு எடுப்பதை அரசே நடத்தியது. இன்றைய ஸ்லோவாகியாவில் ஹெரன்க்ரண்ட் என்று ஜெர்மானியர் அழைத்த சுரங்க ஊரில், சுரங்க நீரில் கிடைத்த செம்பைக் கிண்ணங்களாக அடித்து, "இரும்பாய் இருந்தேன், செம்பானேன்" என்ற பொருளில் வரி பொறித்து விற்றார்கள்.

9. எந்த உப்புன்னு தெரியலை. வீட்டுல எப்படிச் சோதிக்கிறது?

இரண்டே சோதனைகள். முதலாவது கடுக்காய். வித்து நீக்கிப் பொடித்த கடுக்காய் ஒரு தேக்கரண்டி, அரை டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். வடிகட்டிய தண்ணீரில் வெள்ளைத் தாளை நனைத்துக் காயவையுங்கள். சந்தேகப்பட்ட உப்பை ஒரு சிட்டிகை கரைத்துத் தாளில் சொட்டு வைத்தால், இரும்பு இருந்தால் நீலம் கலந்த கறுப்பு. மயில்துத்தத்துக்குப் பழுப்புக் கறைதான். பேதியுப்பு, படிகாரம், பால்துத்தம் தாளைக் கறுக்கச் செய்யாது. லேசாகச் சாம்பல் ஓடினால் சரக்கில் இரும்பு கலந்திருக்கிறது. பிளினியே இதைச் சொல்லியிருக்கிறார்: செம்புப் பச்சையில் விட்ரியால் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க, மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரஸ் தாளில் தடவினார்கள், கலப்படம் கறுத்தது. செருப்புத் தோல் கறுத்ததும் இதனால்தான். பதனிடப் பயன்பட்ட மரப்பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு.

இரண்டாவது, கேள்வி 8-இன் ஆணி. சிவந்தால் செம்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியைப் போட்டுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம். அதன் மேல் தோல் செம்பை ஏற்காது. சாதாரண இரும்பு வேண்டும், துருவும் எண்ணெயும் தேய்த்து எடுத்திருக்க வேண்டும். பழைய ரசவாதிகள் நாக்கில் வைத்தும் பார்த்தார்கள். அதைப் பின்பற்ற வேண்டாம்.

10. போர்டோ கலவைக்குக் கத்தியை முக்கிப் பார்க்கச் சொல்றாங்களே, அதுவும் இதுதானா?

அதேதான், எழுத்து மாறாமல். 1880-களில் பிரான்சின் மெடாக் பகுதியில், சாலையோரத் திராட்சையைத் திருடர் தின்னாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்து, 1885-இல் கலவையை வெளியிட்டார். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும்.

பளபளப்பாகத் தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, செம்பு இன்னும் கரைந்த நிலையில் இருக்கிறது. அப்படியே தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மறுபடி பாருங்கள். பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது மண். இரும்பு டிரம்மிலும் துத்தநாகம் பூசிய பக்கெட்டிலும் கரைத்தால் உங்கள் செம்பு பாத்திரத்தின் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள்.

11. கடுக்காய் மை காய்ச்ச அளவு என்ன?

வித்து நீக்கிய கடுக்காய்த் தூள் 30 கிராம், தண்ணீர் 250 மில்லி, அன்னபேதி 8 கிராம், கருவேலம் பிசின் 8 கிராம், பூஞ்சை வராமலிருக்க இரண்டு கிராம்பு. கடுக்காயை மண் அல்லது எனாமல் பாத்திரத்தில் ஒரு நாள் ஊறவைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, இரட்டைத் துணியில் வடிகட்டுங்கள். ஆறிய பிறகே அன்னபேதி. பிசினைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கசடு பிசினோடு ஒட்டி வடிகட்ட முடியாது.

எழுதும்போது மை வெளிறித்தான் தெரியும். காற்று பட்டு, சில மணி நேரத்தில் கறுக்கும். இதைப் பார்த்துப் பயந்து இன்னொரு கரண்டி அன்னபேதி போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விளைவு அடுத்த கேள்வியில். ஊற்றுப்பேனாவில் நிரப்ப வேண்டாம், உள்ளே படிந்து அடைக்கும். முக்கி எழுதும் நிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், எழுதியதும் கழுவ வேண்டும்.

12. பழைய கையெழுத்துத் தாள்ல எழுத்து இருந்த இடம் மட்டும் ஓட்டையா இருக்கே, பூச்சியா?

பூச்சி எழுத்தின் வளைவைப் பார்த்து அரிக்காது. அது மையின் வேலை. அன்னபேதியின் இரும்பு துவர்ப்போடு சேரும்போது கந்தக அமிலம் விடுபடும். அது தாளின் நாரை அறுக்கும். துவர்ப்போடு சேராமல் மிச்சமான இரும்பு, காற்றின் உதவியோடு தாளை இன்னும் வேகமாகச் சிதைக்கும். ஐரோப்பாவில் புழங்கிய பழைய அளவுகளில் மாசிக்காய் மூன்று பங்குக்கு விட்ரியால் இரண்டு பங்கு என்பது சாதாரணம். மாசிக்காயின் துவர்ப்பு அத்தனை இரும்பைத் தாங்காது. மேலே நாம் 30-க்கு 8 சொன்னதன் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட தாளை வீட்டில் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள்; கரையும் இரும்பு பக்கத்து வெள்ளைக்கும் பரவும். ஆவணக் காப்பகங்களில் மிச்ச இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட கால்சியம் ஃபைட்டேட் கரைசலில் முக்கி, பிறகு அமிலத்தைச் சமன்செய்கிறார்கள். 1990-களில் நெதர்லாந்தில் உருவான முறை.

13. விட்ரியால் எண்ணெய்னா கந்தக அமிலம்தானே? உப்பிலேருந்து எண்ணெய் எப்படி வரும்?

அன்னபேதியை முதலில் தண்ணீர் போக வறுத்து, மண் வாலையில் (காய்ச்சி வடிக்கும் பாத்திரம்) அடைத்து, 500 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் சூடேற்றினார்கள். முதலில் வருவது நீர்த்த அமிலம், அதற்கு "விட்ரியால் ஆவி" என்று பெயர். கடைசியில் கெட்டியாக, எண்ணெய்போல் சொட்டுவது "எண்ணெய்". கணக்கு போட்டால் மனம் சோர்ந்துவிடும்: 100 கிராம் அன்னபேதிக்கு, எதுவும் கசியாவிட்டால்கூட 17.6 கிராம் அமிலம்தான். கந்தகத்தில் பாதி மூச்சு முட்டும் புகையாகப் பறந்துவிடும். ஜெர்மனியின் நோர்ட்ஹவுசன் ஊர் இந்தப் புகையும் எண்ணெய்க்குப் பேர்போனது.

விலையை உடைத்தவர்கள் கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்து எரித்தவர்கள். 1736 வாக்கில் லண்டனுக்கு அருகே ஜோஷுவா வார்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் செய்தார். 1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் குடுவைக்குப் பதிலாக ஈய அறை கட்டினார். ஈயம் ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். வாலை முறையை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அந்தப் புகைக்குச் சமையலறை ஜன்னல் போதாது.

வாலையின் அடியில் மிஞ்சும் சிவப்புப் பொடிக்குக் கொல்கோதர், அல்லது "செத்த தலை" என்ற பொருளில் கேபுட் மார்ட்டுவம் என்று பெயர். உயிர் போன மிச்சம் என்று நினைத்தார்கள். அது இரும்பு ஆக்சைடு. 100 கிராமுக்கு 28.7 கிராம். ஓவியருக்கு வண்ணம், நகைக்கும் கண்ணாடிக்கும் மெருகுப்பொடி. வெடியுப்போடு விட்ரியாலைச் சேர்த்து வாலையிட்டால் வெடியுப்புத் திராவகம் கிடைத்தது. வெள்ளி கரையும், தங்கம் கரையாது. அதோடு நவச்சாரம் சேர்ந்தால் தங்கத்தையும் கரைக்கும் ராஜ திராவகம்.

14. படிகாரமும் விட்ரியால்தானா?

அதுவும் சல்ஃபேட்தான், ஆனால் அலுமினியமும் பொட்டாசியமும் சேர்ந்த இரட்டை உப்பு. நிறமற்றது, நாக்கைச் சுருக்கும் துவர்ப்பு. சலூனில் கன்னத்தில் தேய்ப்பதும், கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவதும், கலங்கிய நீரைத் தெளியவைப்பதும் இதுதான். சாயத்துக்கு இது இல்லாமல் ஆகாது. துணிக்கும் சாயத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அதனால் அரசியலும் இதில் புகுந்தது. ஐரோப்பா ஒட்டோமான் நாட்டுப் படிகாரத்தை நம்பியிருந்த நேரத்தில், 1460-களின் தொடக்கத்தில், ரோமுக்கு அருகே டோல்ஃபா மலையில் படிகாரக் கல் கிடைக்க, போப்பாண்டவரின் கருவூலம் நிரம்பியது.

இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி 1871 வரை, படிகாரத்தை ஒருவகைக் களிக்கல்லிலிருந்து எடுத்தார்கள். கல்லை மலைபோல் குவித்து மாதக்கணக்கில் எரித்து, நீரில் ஊறவைத்து, அதோடு கடற்பாசிச் சாம்பலையோ ஊர் ஊராகச் சேகரித்த மூத்திரத்தையோ சேர்த்தார்கள். பொட்டாசியமோ அம்மோனியாவோ இல்லாமல் படிகாரம் உறையாது என்பதுதான் காரணம். காய்ச்சியது போதுமா என்று பார்க்க ஒரு கோழிமுட்டை. மிதந்தால் அடுப்பை அணைக்கலாம். அதற்குமேல் வற்றினால் கூடவே இருக்கும் பச்சை விட்ரியாலும் உறைந்து, படிகாரம் கெடும். கெட்டதா என்று தெரிய கேள்வி 9-இன் கடுக்காய்த் தாள். இரும்பு கலந்த படிகாரம் மஞ்சள் சாயத்தை மங்கச் செய்யும்.

15. கிளாபர் உப்பு வாங்கினேன், மே மாசத்துல தண்ணியாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. அது சோடியம் சல்ஃபேட். பதினேழாம் நூற்றாண்டில் யோஹான் ருடோல்ஃப் கிளாபர் சமையல் உப்பையும் விட்ரியால் எண்ணெயையும் சேர்த்துச் செய்து "அற்புத உப்பு" என்று பெயர் வைத்தார். படிகத்தின் எடையில் 56 சதவீதம் தண்ணீர். 32.4 டிகிரியைத் தாண்டினால் தன் தண்ணீரிலேயே தான் கரையும். ஜெர்மனியில் அலமாரியில் இருக்கும், சென்னைக் கோடையில் இருக்காது. நீரில்லாத வெள்ளைப் பொடியாக வாங்குங்கள், பாதிக்கும் குறைவான எடை போதும்.

16. "டர்பெத் மினரல்"னு ஒண்ணு வருது. அது என்ன உலோகம்?

பாதரசம். பாதரச சல்ஃபேட்டை வெந்நீரில் போட்டால் எலுமிச்சை மஞ்சளாகப் படியும் பொடி. வாந்தி மருந்தாகக் கொடுத்தார்கள், நஞ்சு. பெயர் சுவாரசியமானது: டர்பெத் என்பது நம் சிவதை வேர். வடமொழியின் த்ரிவ்ருத் பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பா போய் டர்பெத் ஆயிற்று. பேதிக்குக் கொடுத்த அந்த வேரின் பெயரைத் தாதுவுக்கும் சூட்டினார்கள். குறிப்பில் "மினரல்" என்ற அடைமொழி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள வித்தியாசமே.

17. வாளுக்கு மருந்து போட்டுக் காயத்தை ஆத்தினாங்கன்னு படிச்சேன். உண்மையா?

ஆற்றியதாக நம்பினார்கள். கெனல்ம் டிக்பி 1658-இல் பிரான்சின் மோன்பெலியேயில் பேசிப் பரப்பிய "அனுதாபப் பொடி" அது: வெயிலில் வெளுத்த பச்சை விட்ரியால். அதைக் கரைத்து, காயத்தின் இரத்தம் பட்ட துணியை அதில் முக்க வேண்டும். காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு வேறு எதுவும் பூசக் கூடாது. அன்றைய களிம்புகளில் இருந்த அசிங்கங்களை நினைத்தால், எதுவும் பூசாத காயம் சீக்கிரம் ஆறியதில் வியப்பில்லை. பொடி துணியோடு நின்றதுதான் புண்ணியம்.

18. அன்னபேதி செந்தூரம் நானே செய்யலாமா? அரசாங்க இரும்பு மாத்திரையும் இதே பொருள்தானே?

அரசு கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பதும் இரும்பு சல்ஃபேட்தான். ஆனால் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு என்று அளந்து, மாசு நீக்கியது. கடை அன்னபேதி சாயத்துக்கும் தோலுக்கும் வரும் சரக்கு. கேள்வி 5-இல் சொன்னபடி செம்பும், வேறு உலோகங்களும் கூட இருக்கலாம். செந்தூரம் என்பது எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் புடமிட்ட, கேள்வி 13-இன் சிவப்புப் பொடிக்கு நெருங்கிய உறவு. புடம் குறைந்தால் கரையும் உப்பு மிஞ்சும். பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் வாங்குங்கள். மயில்துத்தத்தை உள்ளுக்குச் சாப்பிடும் பேச்சே வேண்டாம். பைண்டிங் பசையில் பூச்சி வராமல் அதைப் போடுவதே அது நஞ்சு என்பதால்தான். அந்தப் பசைக் கிண்ணத்தைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

19. குறிப்புல நிறம் சொல்லாம வெறும் "விட்ரியால்"னு மட்டும் இருந்தா எதைப் போடுறது?

செய்யப்போகும் வேலையைப் பாருங்கள். மை, கறுப்புச் சாயம், தோல், அமிலம் வாலையிடுதல் என்றால் பச்சை. பூஞ்சை, அரிக்கும் களிம்பு என்றால் பெரும்பாலும் நீலம். கண்ணுக்குச் சொட்டுவதற்கு என்றால் வெள்ளை (செய்ய வேண்டாம், அடையாளத்துக்குச் சொல்கிறோம்). வாலையின் மிச்சம் சிவப்பு என்று குறிப்பே சொன்னால் பச்சைதான். மயில்துத்தத்தைச் சுட்டால் மிஞ்சுவது கறுப்பு.

இன்னொரு பொறி "சுட்ட விட்ரியால்" என்ற சொல். வெளுக்கும் அளவுக்கு மட்டும் சுட்டதென்றால் 100 கிராம் பச்சைப் படிகத்துக்குச் சமம் ஏறத்தாழ 61 கிராம் வெள்ளைப் பொடி. எடை மாற்றாமல் போட்டால் இரும்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிடும், மையானால் கேள்வி 12-இன் ஓட்டை நிச்சயம். சிவக்கும்வரை சுட்டது என்றால் அதில் கரையும் உப்பே கிடையாது. அதைக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டுவிட்டு மை கறுக்கவில்லையே என்று இரண்டு நாள் காத்திருந்தாலும் கறுக்காது.